தண்ணீர் ஊசி

தேவகனி சிஸ்டரின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே பெண்கள் வார்டில் முனகல் அடங்கிவிடும். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக அந்த வார்டு அவள் பொறுப்பில் இருந்தது. ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் வரைக்கும் அழலாம். நான்காம் நாள் அழுதால் அவளுக்குப் பொறுக்காது.

சொந்த ஊர் நாசரேத். அப்பா சர்ச்சில் உபதேசியார். மூத்த பெண்ணாகப் பிறந்து, பதினெட்டு வயதில் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தாள். இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு பேரும் வேலையை விடச் சொன்னார்கள். தம்பி எஸ்றா அப்போது வாத்தியார் பயிற்சியில் இருந்தான். அவன் படிப்பு முடியட்டும் என்றாள். முடிந்தபோது அவளைக் கேட்க ஆள் இல்லை. அவளும் அதைப் பெரிதாக நினைத்ததாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸ். அங்கிருந்து வார்டு வரை ஓடு வேய்ந்த நடைபாதை. விடிகிறதற்கு முன்னால் உள்ளே போனால் விளக்கு வைத்த பிறகுதான் வெளியே வருவாள். முழுக்கை வெள்ளை ரவிக்கை, வெள்ளைச் சேலை, காலில் வெள்ளை உறை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூண்டு ரிக்‌ஷா. ஊர் முழுக்க உப்பு காய்ந்துகொண்டிருந்த வெயில் அவள்மேல் பட்டதே இல்லை என்று சொல்லலாம். சாப்பாடும் அப்படித்தான்: காலையில் வார்டு டீயும் ரொட்டியும், மத்தியானம் ஆறிப்போன சோறும் ரசமும். கடற்கரையில் கருவாடு காய்கிற வாடையிலேயே அவளுக்கு மீன் வெறுத்துப்போயிருந்தது.

டாக்டர் ஆறுமுகநயினார் அந்த ஆஸ்பத்திரியின் சர்ஜன். கை சுத்தமான ஆள். அவர் தைத்த புண் சீழ் வைத்து அவள் பார்த்ததில்லை. ஆகவே, புண் ஆறிய பிறகும் ஒரு பெண் வலிக்கிறது என்று சொன்னால், அவர் கேஸ் ஷீட்டில் 'ஃபங்ஷனல்' என்று எழுதுவார். உடம்பில் ஒன்றும் இல்லை, மனசில்தான் என்று அதற்கு அர்த்தம். அதற்குக் கீழே மருந்துக் குறிப்பில் 'ஸ்டெரைல் வாட்டர், இரண்டு சிசி' என்று இருக்கும். வெறும் தண்ணீர். வலி ஊசி என்று சொல்லிப் போடுவது. பாதிப் பேர் அதிலேயே தூங்கிவிடுவார்கள். தேவகனி காலை ரவுண்ட்ஸில் அதைச் சொல்வாள்.

"பாத்தீங்களா டாக்டர், தண்ணிக்கே தூங்கிட்டா."

டாக்டர் சிரிப்பார். பின்னால் நிற்கிற நர்ஸ்களும் சிரிப்பார்கள்.

தூங்காத மீதிப் பாதியைப் பற்றி அவள் யோசித்ததில்லை. 1972ஆம் வருஷம் அப்படித் தூங்காமல் இருந்தவள் ஒருத்தி. பெயர் இசக்கித்தாய். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலை. ஐஸ் அறையை ஒட்டிய கொட்டகையில், ஜன்னல் இல்லாத இடத்தில், விடிகாலை லாரியில் போய் இருட்டிய பிறகு திரும்புகிற வேலை. புருஷன் மாடக்கண்ணு உப்பளத்தில் மூட்டை தூக்குகிறவன். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளையும் வீட்டிலேயே பிறந்தவை. இரண்டுமே தங்கவில்லை. மூன்றாவது பிரசவத்தில் பிள்ளை இறங்கவில்லை. இடுப்பெலும்பு குறுகல் என்று டாக்டர் வயிற்றைக் கிழித்து எடுத்தார். பெண் பிள்ளை. இரண்டு பிள்ளைக்கு விட்ட வழி மூன்றாவதுக்கு எப்படிக் குறுகியது என்று டாக்டரும் கேட்கவில்லை, சிஸ்டரும் கேட்கவில்லை.

பத்து நாள் ஆகியும் இசக்கித்தாய் எழுந்திருக்கவில்லை. புண் நன்றாக ஆறியிருந்தது.

"எங்கன வலிக்கி?"

"புண்ணுல இல்ல சிஸ்டரம்மா. இடுப்புல. தொடையில. எலும்பே வலிக்கி. புரண்டு படுக்க முடியல."

"தையல் போட்டது வயித்துல. வலிக்கது தொடையிலயா?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ களுக்கென்றார்கள். தேவகனி அவளைக் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினாள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாத்து மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நாலு அடி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரிளா! நடிக்கதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? உனக்கு அடுத்து ஆபரேஷன் பண்ணினவ நேத்தே வீட்டுக்குப் போயிட்டா. வேலைக்குப் போவ பயந்துக்கிட்டு இங்கன கிடந்து நாளைக் கடத்துத."

மூன்று நாள் தண்ணீர் ஊசி போட்டார்கள். மூன்று நாளும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நான்காம் நாள் மாடக்கண்ணுவைக் கூப்பிட்டு தேவகனியே சொன்னாள்: "உன் பெண்டாட்டிக்கு ஒண்ணும் இல்ல. செல்லம் குடுக்காத. நாலு நாள் அதட்டி வேலை வாங்கு, தன்னால சரியாயிரும்." அவன் தலையாட்டினான். பிள்ளையை அவன் வாங்கிக்கொள்ள, அவள் சுவரைத் தடவிக்கொண்டே வெளியே போனாள். அன்று மாலைக்குள் தேவகனிக்கு அவள் ஞாபகம் போய்விட்டது. அந்தக் கட்டிலுக்கு வேறொருத்தி வந்துவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, புதுத் துறைமுகம் திறந்த எழுபத்துநாலில், தேவகனிக்கே ஆபரேஷன் ஆயிற்று. நாற்பத்தெட்டு வயது. கர்ப்பப்பையில் கட்டி. ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆறுமுகநயினார்தான் செய்தார். தன் வார்டிலேயே, ஜன்னலோரக் கட்டிலில் படுத்தாள். மூன்றாம் நாள் எழுந்து நடந்து காட்டினாள். நர்ஸ்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி நடந்தாள். உள்ளுக்குள் இடுப்பு நொறுங்குகிற மாதிரி இருந்தது. அதற்கு முன்னாலும் ஒரு வருஷமாக முதுகும் விலாவும் வலித்துக்கொண்டுதான் இருந்தன. நிற்கிற வேலை, வயசு என்று விட்டிருந்தாள். இப்போது படுத்துக் கிடந்த நாட்களில் அது உடம்பு முழுக்கப் பரவியது.

ஒரு மாதத்தில் டியூட்டிக்குத் திரும்பினாள். ஒரு வாரம் தள்ளினாள். எட்டாம் நாள் மருந்து அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து எதையோ எடுக்கக் குனிந்தவள் எழ முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு ஆயாக்கள் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள்.

ஆறுமுகநயினார் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நார்மல்," என்றார்.

"வலிக்கி டாக்டர். புண்ணுல இல்ல, எலும்புல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிஸ்டர், நீங்களேயா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. வருத்தமாகச் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இருபது வருஷம் அவர் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள், கட்டிலில் கிடக்கிற மற்றப் பெண்களோடு பெண்ணாக ஆகிவிட்டாள். "இந்த வயசுல, கர்ப்பப்பையை எடுத்த பிறகு, மனசு கொஞ்சம் தளரும். தனியா வேற இருக்கீங்க. ரெஸ்ட் எடுங்க."

சாயங்காலம் ஞானபாய் ட்ரேயோடு வந்தாள். தேவகனியிடமே வேலை பழகிய நர்ஸ். முகத்தைப் பார்க்காமல், "வலிக்கு ஊசி எழுதியிருக்காங்க சிஸ்டர்," என்றாள்.

"என்ன ஊசி?"

"பெத்திடின்."

ட்ரேயில் கிடந்த உடைந்த கண்ணாடி ஆம்ப்யூலில் பெத்திடின் என்ற எழுத்து இல்லை. தேவகனி அதைப் பார்த்தாள். திரும்பிப் படுத்தாள். ஊசி இறங்கியது. பெத்திடின் என்றால் கொஞ்ச நேரத்தில் நாக்கு வறளும், தலை கனக்கும், வலி எங்கோ தள்ளிப் போய் நிற்கும். இது அப்படியில்லை. சதைக்குள் நெருப்புத் துண்டு வைத்த மாதிரி எரிந்தது. வெறும் தண்ணீர் சதைக்குள் போனால் இப்படி எரியும் என்பது இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்குப் போட்ட அவளுக்குத் தெரியாது.

"ஞானபாய்."

"சிஸ்டர்?"

"நாளைக்குக் காலையில ரவுண்ட்ஸ்ல என்ன சொல்லுவ? தூங்கினாளா, தூங்கலையா?"

ஞானபாய் ட்ரேயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் ரவுண்ட்ஸில் என்ன சொன்னாளோ, கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று பேசினார்கள். பின்னால் நின்ற ஒரு புது நர்ஸ் சிரித்து உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். போட்டது தண்ணீர் என்று எழுந்து கத்தியிருக்கலாம். கத்தினால் அதையும் 'ஃபங்ஷனல்' கணக்கில்தான் சேர்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கணக்கை எழுதப் பழகியவளே அவள்தானே.

எழுபத்தைந்து ஜூனில் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். பிரிவுபசாரத்துக்கு ஒரு சால்வையும் ஒரு வேதாகமமும் கொடுத்தார்கள். அவள் வீட்டில் ஏற்கெனவே மூன்று வேதாகமம் இருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிற அம்புரோஸ் ஒரு பழுப்பு உறையோடு வந்து நின்றான். முத்துக் குளிக்கப் போய்ச் செவியைத் தொலைத்தவரின் மகன். அப்பாவிடம் கத்திப் பேசிப் பழகியதால் யாரிடமும் சத்தமாகத்தான் பேசுவான். அன்றைக்குத் தாழ்ந்த குரலில் பேசினான்.

"சிஸ்டர், நான் டாக்டர் இல்ல. ஆனா பதினஞ்சு வருசமா எலும்பைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். இங்கன பாருங்க, தொடையெலும்புக் கழுத்துல ஒரு கோடு. அந்தப் பக்கமும் அதே இடத்துல. கீழ விழுந்து உடைஞ்சா ஒரு பக்கந்தான் உடையும். இது வேற என்னமோ."

"டாக்டர் பாத்துட்டாருல்லா?"

"பாத்தாரு."

"பெறகென்ன? உன் வேலையப் பாரு."

அவன் உறையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவள் அதைப் பெட்டியின் அடியில் போட்டாள். தன் உடம்பு சொன்னதையும் நம்பாமல், ஒருவன் கண்ணால் கண்டு சொன்னதையும் நம்பாமல், ஆறுமுகநயினார் சொன்னதை அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வரும்.

தம்பி எஸ்றா சாத்தான்குளத்தில் வாத்தியார். அங்கே போய் இருந்தாள். ஊர் வெயிலுக்குப் பேர்போன ஊர், ஆனால் அவளுக்குக் கொடுத்தது பின்கட்டில் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு அறை. நடக்க முடியாததால் அதற்குள்ளேயே கிடந்தாள். தம்பி பெண்டாட்டி முதல் இரண்டு மாதம் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். பிறகு வாசலில் கொண்டு வைத்துவிட்டுப் போனாள். பிறகு அதுவும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் எஸ்றாவிடம் பேசுவது கேட்டது.

"மைனிக்கு உடம்புல ஒண்ணுமே இல்லியாம். அந்த டாக்டரே எழுதிக் குடுத்திருக்காராம். ஒரு முறம் அரிசி புடைக்கச் சொன்னா வலிக்கி. சாப்பிட மட்டும் வலிக்க மாட்டேங்கு."

எஸ்றா என்ன சொல்கிறான் என்று காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அன்றைக்குத்தான் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து உறையை எடுத்தாள்.

எழுபத்தாறு பிப்ரவரியில் எஸ்றா அவளை பஸ்ஸில் மதுரைக்கு அழைத்துப்போனான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனாள். ஆவுடையப்பன் என்ற எலும்பு டாக்டர். இளவயது. திருநெல்வேலிப் பக்கத்து ஆள் என்று பேச்சிலேயே தெரிந்தது. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி ஒரே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். அவள் அலறினாள்.

"இத யாராவது அமுக்கிப் பாத்தாங்களா?"

"இல்ல டாக்டர்."

"வெயில்ல போவீங்களா?"

அவள் தன் நாளைச் சொன்னாள். ஓடு வேய்ந்த நடைபாதை, முழுக்கை ரவிக்கை, கூண்டு ரிக்‌ஷா. அவர் கேட்டுக்கொண்டே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது.

"வைட்டமின் டி ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு நேரா அளக்க வெளிநாட்டுல வழி வந்திருக்கு. நம்ம பக்கம் இன்னும் வரல. ஆனா கால்சியம், பாஸ்பரஸ் ரெண்டும் இறங்கிக் கிடக்கு, இன்னொண்ணு ஏறிக் கிடக்கு, எலும்புல அந்தக் கோடு. வேற சாட்சி வேண்டாம். வெயிலும் அந்த வைட்டமினும் இல்லாம எலும்பு இளகிப் போச்சு. ஆஸ்டியோமலேசியா. படிச்சிருப்பீங்க."

படித்திருந்தாள். பரீட்சைக்கு ஒரு பக்கம்.

"அப்ப ஆபரேஷனால வந்தது இல்லியா?"

"ஆபரேஷன் நல்லாத்தான் பண்ணியிருக்காரு. எலும்பு அதுக்கு முன்னாலயே சத்தில்லாமப் போச்சு. படுத்துக் கிடந்ததுல இன்னும் இளகி, வலி வெளிய வந்துட்டு. ஆபரேஷன் பண்ணின புண்ணுக்கும் அதுக்கும் முடிச்சுப் போட்டுப் பாத்தா ஒண்ணும் தெரியாது. உங்க ஊர்ல சுறா ஈரலைக் காய்ச்சி எண்ணெய் எடுக்காங்க. வெயிலுக்குப் பஞ்சமே இல்ல. அங்க இருந்து இதுக்கு இங்க வந்து நிக்கீங்க." மருந்து எழுதிக்கொண்டே அவர் சொல்லிக்கொண்டு போனார். "இது பொம்பளைங்களுக்குத்தான் அதிகம். பிள்ளை பெத்துப் பெத்து, உள்ளேயே அடைஞ்சு கிடக்கவங்களுக்கு. இடுப்பெலும்பு மாவு மாதிரி அமுங்கிரும். முன்னால சுகமாப் பெத்தவளுக்கே பிள்ளை வர வழி இருக்காது, வயித்தைக் கிழிச்சு எடுக்கணும். வாத்து மாதிரி நடப்பாங்க. பாத்திருப்பீங்களே?"

சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போன ஒருத்தியின் முதுகு தேவகனியின் கண்முன் வந்து நின்றது. பெயர் ஞாபகம் வரவில்லை. பஸ் கோவில்பட்டி தாண்டிய பிறகுதான் வந்தது.

ஊசி, கால்சியம் மாத்திரை, மீன் எண்ணெய். அதோடு காலையில் ஒரு மணி நேரம் கை காலில் வெயில் பட உட்கார்ந்தாள். இரண்டு மாதத்தில் புரண்டு படுக்க முடிந்தது. ஆறாம் மாதம் ஒரு முறம் அரிசி புடைத்துத் தம்பி பெண்டாட்டியின் முன்னால் வைத்தாள். அவள், "நல்லாயிட்டியளே மைனி," என்று சந்தோஷமாகத்தான் சொன்னாள். தேவகனி அடுத்த வாரமே தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டாள். ஒரு அறை பார்த்துக்கொண்டு, தெருவில் உள்ளவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஊசிகளைப் போட்டுப் பிழைத்தாள்.

இறால் கம்பெனி வாசலில் விசாரித்ததில் இசக்கித்தாயின் இருப்பிடம் தெரிந்தது. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கட்டின ஒற்றை அறை வீடுகள். நடு வீடு. உள்ளே இருட்டில், கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி முடைந்துகொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது ஐம்பது மாதிரி இருந்தது. தேவகனியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"சிஸ்டரம்மாவா? யாருக்கு என்ன?"

தேவகனி வாசலிலேயே உட்கார்ந்து, முதலில் அவள் காலை நீட்டச் சொல்லி எலும்பை அமுக்கினாள். அவள் கையை வெடுக்கென்று தட்டிவிட்டாள். பிறகு தேவகனி எல்லாவற்றையும் சொன்னாள். இது என்ன நோய், எதனால் வந்தது, தனக்கும் இதுவே வந்தது. கடைசியாக, அன்றைக்குப் போட்டது தண்ணீர் என்பதையும் சொன்னாள்.

இசக்கித்தாய் ஓலையைக் கீழே வைக்கவில்லை.

"அன்னைக்கே தெரியும்," என்றாள். "பக்கத்துக் கட்டில்காரிக்குப் போட்டா தூங்குவா. எனக்குப் போட்டா எரியும். ஏழைக்குத் தண்ணியத்தான் போடுவாங்கன்னு நெனச்சேன்."

மற்றதையும் அவளே சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மாடக்கண்ணு அதட்டினான். எழவில்லை. அடித்தான். நர்சம்மாவே சொல்லிவிட்டாள், நடிப்பு என்று. பிள்ளையைத் தூக்க அவளால் முடியவில்லை. உட்கார்ந்தபடி பால் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஒரு வருஷம் பார்த்தான். அப்புறம் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு தெற்கே உப்பளத்துப் பக்கம் போய்விட்டான். பிள்ளையையும் கொண்டு போனான். "அது அவளத்தான் அம்மைன்னு கூப்பிடுது," என்றாள்.

தேவகனி அவளை மதுரைக்கு அழைத்துப்போய்க் காட்டினாள். இடுப்பு அமுங்கின வாக்கிலேயே இறுகும், வலி போகும், வளைந்தது நிமிராது என்று ஆவுடையப்பன் சொன்னார். வெள்ளிதோறும் ஊசி. தேவகனி மருந்து வாங்கி வந்து போட்டாள். இசக்கித்தாய் சேலையை ஒதுக்கிக் காட்டுவாள், போட்டு முடித்ததும் இழுத்து மூடிக்கொள்வாள். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மூன்றாம் மாதம் சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள். அன்றைக்குத்தான் ஒன்று கேட்டாள்.

"ஒரு காயிதம் வேணும். எனக்கு நோவு நெசந்தான்னு எழுதி. அந்தப் பெரிய டாக்டரு கையெழுத்துப் போட்டு."

தேவகனி ஆறுமுகநயினாரைப் போய்ப் பார்த்தாள். அவர் எழுந்து நின்று வரவேற்றார். மதுரைக் குறிப்புகளை முழுக்கப் படித்தார். படித்துவிட்டு மடித்து மேசைமேல் வைத்தார்.

"எனக்குத் தெரிஞ்ச அளவுல பண்ணேன் சிஸ்டர்."

"ஆமா டாக்டர். நானும் அப்படித்தான். அதத்தான் எழுதித் தாங்கன்னு கேக்கேன்."

"எழுதிக் குடுத்தா அதோட நிக்காது. ஒவ்வொருத்தியா வந்து நிப்பாங்க. உங்களுக்குத் தெரியாததா?" மேசைமேல் இருந்த காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "உங்க உடம்பு தேறினதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்."

வாசலில் ஞானபாய் நின்றாள். இப்போது அவள்தான் பெண்கள் வார்டு சிஸ்டர். தேவகனி நின்று, "இனிமேயாவது தண்ணி ஊசி எழுதினா கேளு," என்றாள். "நீங்க கேட்டீங்களா சிஸ்டர்?" என்றாள் ஞானபாய். மரியாதையாகத்தான் கேட்டாள்.

தேவகனி அன்று ஒரு கோடு போட்ட தாளில் தானே எழுதினாள். 'இசக்கித்தாய் என்பவளுக்கு 1972இல் இருந்தது உண்மையான எலும்பு நோய். அதை அறியாமல் நடிப்பு என்று சொன்னதும், வலி மருந்து என்று சொல்லித் தண்ணீர் போட்டதும், அவளை அதட்டும்படி அவள் கணவனிடம் சொன்னதும் நான். தேவகனி, அப்போதைய வார்டு சிஸ்டர்.'

ஆள் அனுப்பி மாடக்கண்ணுவை இசக்கித்தாய் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். முழங்கால் வரை உப்பு பூத்திருந்தது. வாசல்படிக்கு வெளியே குத்தவைத்தான். தேவகனி தாளை வாசித்தாள். இசக்கித்தாய் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் காலில் பூத்திருந்த உப்பைச் சுரண்டினான்.

"அப்ப நெசமாவே வலிச்சிருக்கு."

"ஆமா," என்றாள் இசக்கித்தாய்.

"நான் அடிச்சேம்லா, அப்பவும்?"

"அப்பவும்."

"ம்," என்றான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "சரி. இப்ப அதுக்கு என்ன செய்யச் சொல்லுத? அங்கன அவளுக்கும் ரெண்டு பிள்ளை ஆயிட்டு." தேவகனியைப் பார்த்து, "சிஸ்டரம்மா சொன்னதத்தான நான் செஞ்சேன்," என்றான். அதில் குத்தல் இல்லை. உள்ளதைச் சொன்னான்.

பிள்ளையை அனுப்பி வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு அனுப்பவும் செய்தான். ஐந்து வயதுப் பெண் வாசல்படியில் உட்கார்ந்து, கொடுத்த முறுக்கைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அரைமணி நேரத்தில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுதது. பிறகு வரவில்லை.

பாக்கி இரண்டு ஊசி இருந்தது. "அதையும் போட்டுட்டுப் போயிருங்க. அதுக்கு மேல நீங்க வர வேண்டாம்," என்றாள் இசக்கித்தாய். தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு வாசிக்கத் தெரியாது. நான் வச்சு என்ன செய்ய?"

கடைசி ஊசி போட்ட வெள்ளிக்கிழமை, மறுநாளிலிருந்து திரும்ப இறால் கம்பெனிக்குப் போகப்போவதாகச் சொன்னாள். தேவகனி பதறிவிட்டாள். மறுபடியும் அந்த ஜன்னல் இல்லாத கொட்டகையா, வெயில் வேண்டாமா, இவ்வளவும் எதற்கு என்று கேட்டாள்.

"வெயில்ல நின்னா உப்பளத்துலதான் நிக்கணும். அங்கன உப்புப் பெட்டி சுமக்கணும். இந்த இடுப்புக்கு எவன் வேலை குடுப்பான்? எறா உரிக்கது உக்காந்து செய்யிற வேலை." சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். "வலி இல்லாம உக்காரலாம்லா. அது போதும்."

தேவகனி ஊசியையும் அதைக் கொதிக்க வைக்கிற சட்டியையும் பையில் எடுத்து வைத்தாள். இசக்கித்தாய் முடைந்து பாதியில் விட்டிருந்த பெட்டியை மடியில் எடுத்துக்கொண்டாள். போய்வருகிறேன் என்று சொன்னதற்கு அவள் தலை நிமிரவில்லை.